விருந்தும் கெடுவும்: ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் அந்நிய மாணவர்

1

‘ஜெர்மனியில படிப்பு இலவசம்’ என்கிற வாக்கியம் நம்மூர்ப் பொறியியல் கல்லூரி வாசல்களிலும் வெளிநாட்டுக் கல்வி ஏஜெண்டுகளின் விளம்பரத் தட்டிகளிலும் சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரேஷன் அரிசி, மிதிவண்டி, மடிக்கணினி ஆகியவற்றோடு சேரும்போது ‘இலவசம்’ நம் மத்தியதர வர்க்கத்துக்கு முகஞ்சுளிக்க வைக்கும் சொல். மக்களைச் சோம்பேறியாக்குவது, அரசுக் கஜானாவைக் காலி பண்ணுவது என்றெல்லாம் அதற்கு வியாக்கியானம் சொல்லப்படும். அதே சொல் ஜெர்மனியோடு சேர்ந்து வந்தால் ‘தகுதிக்குக் கிடைத்த பரிசு’ ஆகிவிடுகிறது. இங்கே வாங்குகிறவன் பயனாளி, அங்கே வாங்குகிறவன் சாதனையாளன். ஒரே சொல் இரண்டு சொல்லாடல்களுக்குள் எப்படி இரண்டு மதிப்புகளைப் பெறுகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்வோம்.

எண்ணிக்கை லேசுப்பட்டதல்ல. 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மன் உயர்கல்வி நிறுவனங்களில் பதிந்திருந்த இந்திய மாணவர்கள் 49,483 பேர். சீன மாணவர்களைத் தாண்டி இந்தியர்கள் அங்கே மிகப் பெரிய அந்நிய மாணவர் குழுவாகிவிட்டனர். இவர்களில் பெரும்பான்மையோர் பொறியியலும் கணினியும் படிக்கப் போகிறவர்கள். எப்படிப் போவது, எந்தப் படிவத்தை நிரப்புவது என்று சொல்லித்தர ஏராளமான பேர் இருக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகம் எப்படிப்பட்ட ஓர் அமைப்பு, அந்நியரை அது எந்த வகைமைக்குள் வைத்துப் பார்க்கிறது, அதன் ‘இலவசம்’ எந்த நாணயத்தில் திரும்ப வசூலிக்கப்படுகிறது என்பதைப் பேசத்தான் ஆளில்லை. இக்கட்டுரை அதைப் பேச முயல்கிறது.

2

நவீன ஜெர்மன் பல்கலைக்கழகம் என்றதும் சொல்லப்படும் பெயர் வில்ஹெல்ம் ஃபொன் ஹம்போல்ட். நெப்போலியனிடம் தோற்றுப்போன பிரஷ்ய அரசின் உள்துறை அமைச்சகத்தில் 1809 முதல் 1810 வரை ஏறத்தாழப் பதினாறு மாதங்கள் கல்விப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். 1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அதன் பின்னணியில் காண்ட், ஃபிக்டே, ஷ்லெயர்மாகர் ஆகியோரின் சிந்தனைகள் இருந்தன. காண்ட் 1798இலேயே, இறையியல், சட்டம், மருத்துவம் ஆகிய மூன்று ‘மேல்’ துறைகளும் அரசுக்குக் கட்டுப்பட்டவை, தத்துவம் என்ற ‘கீழ்’ துறை மட்டும் அறிவுக்கு மட்டுமே கட்டுப்பட்டது என்று வாதிட்டிருந்தார். கீழே இருப்பதுதான் சுதந்திரமாக இருக்கிறது என்கிற இந்தத் தலைகீழாக்கத்தைத் தெரிதா பிற்பாடு விரிவாக வாசித்துக் காட்டினார்.

ஹம்போல்ட் மரபின் மையச் சொல் ‘பில்டுங்’. கல்வி என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ளுதல் என்பது கொஞ்சம் கிட்ட வருகிறது. தொழிலுக்குப் பயிற்றுவிப்பதைக் குறிக்க ‘ஆவுஸ்பில்டுங்’ என்று தனிச்சொல் உண்டு. ஆய்வும் போதனையும் பிரிக்கமுடியாதவை, ஆசிரியருக்குக் கற்பிக்கும் சுதந்திரம், மாணவருக்குக் கற்கும் சுதந்திரம் என்பன இம்மரபின் கோட்பாடுகள். மாணவர் எந்த வகுப்புக்கும் போகலாம், போகாமலிருக்கலாம், ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். லியோதார் 1979இல் நவீன அறிவின் பெருங்கதையாடல்களைப் பற்றி எழுதியபோது அவற்றிலொன்றின் பிறப்பிடமாகக் காட்டியது இந்த பெர்லின் பல்கலைக்கழகத்தைத்தான்.

ஆனால் இந்த ‘ஹம்போல்ட் மாதிரி’ பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க நடைமுறையில் இருந்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பல்கலைக்கழகம் பற்றி ஹம்போல்ட் எழுதிய புகழ்பெற்ற குறிப்பு முடிக்கப்படாதது. அவர் காலத்தில் அச்சாகவுமில்லை. அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் ஆவணங்களுக்கிடையிலிருந்து எடுத்துப் பதிப்பிக்கப்பட்டது. 1910இல் பெர்லின் பல்கலைக்கழகம் நூற்றாண்டு கொண்டாடியபோதுதான் ஹம்போல்ட் நிறுவனத் தந்தையாக உருவாக்கப்பட்டார் எனப் பின்னாளைய வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். மரபு என்பது பெரும்பாலும் பின்னாலிருந்து எழுதப்படுவது. நமக்கு இது புதுசில்லை.

தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ளும் அந்தச் சுதந்திரத் தன்னிலை யார்? பிரஷ்யாவில் பெண்கள் முழு மாணவராகப் பதிவு செய்துகொள்ள 1908 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யூதர்கள் படிக்கலாம், ஆனால் மதம் மாறாமல் பேராசிரியராவது அபூர்வம். ‘அந்நியர்’ என்னும் சமூக வகைமையைப் பற்றி 1908இல் எழுதிய கியார்க் ஸிம்மெல் பெர்லினில் மாணவர்கள் திரண்டு வந்து கேட்ட பேச்சாளர். யூதப் பின்னணி கொண்ட அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி 1914இல்தான் கிடைத்தது, அதுவும் பெர்லினில் அல்ல, எல்லையோர ஸ்ட்ராஸ்பர்கில். வந்துவிட்டுப் போகும் வழிப்போக்கனல்ல, வந்து தங்கிவிட்டவனே அந்நியன் என்பது ஸிம்மெலின் வாதம். நெருக்கமும் தூரமும் ஒருசேர அமைந்த ஒரு நிலை அது. பெர்லின் பல்கலைக்கழகத்துக்குள் அவர் இருந்ததும் அந்த நிலையில்தான்.

3

இந்த அமைப்பின் வழியாகக் கடந்துபோன மூன்று அந்நிய மாணவர்களை இங்கே நினைவுகூரலாம்.

முதலாமவர் டபிள்யு.ஈ.பி. டூபாய்ஸ். அமெரிக்கக் கறுப்பினத்தவரான இவர் 1892 முதல் 1894 வரை பெர்லினில் படித்தார். ஷ்மோலர், வாக்னர் ஆகிய பொருளாதாரப் பேராசிரியர்கள் அவரை ஆதரித்தனர். நிறப் பாகுபாடு தினசரி முகத்தில் அறையாத ஒரு வாழ்க்கையை முதன்முதலாக ஐரோப்பாவில்தான் கண்டதாக அவர் பின்னாளில் எழுதினார். ஆனால் அதே பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் ட்ரைட்ஷ்கே கலப்பினத்தவர் தாழ்ந்தவர்கள் என்று வகுப்பில் முழங்கியதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். டாக்டர் பட்டத்துக்கு விதிக்கப்பட்ட பருவங்களை முடிக்குமுன் அமெரிக்க அறக்கட்டளை உதவித்தொகையை நிறுத்திவிட்டது. பட்டமில்லாமல் ஊர் திரும்பி 1895இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். பெர்லின் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது ஆண்டு 1958. நகரம் இரண்டாகப் பிரிந்திருந்தது. கொடுத்தது கிழக்குப் பகுதிப் பல்கலைக்கழகம்.

இரண்டாமவர் அம்பேத்கர். லண்டனில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் 1921இல் பான் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிவு செய்தார். வகுப்புகளுக்கு வரவில்லை என்ற காரணத்துக்காக 1922 ஜனவரியில் பெயர் நீக்கப்பட்டது. அவரது வாழ்க்கை வரலாற்றில் பலர் ஒரு வரியில் கடந்துபோகும் இடம் இது. ஜெர்மனியில் இந்தியவியலுக்கென முதல் பேராசிரியர் இருக்கை 1818இல் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஷ்லேகலுக்காக ஏற்பட்டது இதே பானில்தான். வடமொழிப் பிரதிகளை நூறாண்டுகளாக வாசித்துப் பழகிய ஒரு நிறுவனத்தின் பதிவேட்டில், அப்பிரதிகளால் தீண்டத்தகாதவன் என வரையறுக்கப்பட்ட ஒருவர் பெயர் ஏறி, பின் அடிக்கப்பட்டது. இதில் சதி ஒன்றுமில்லை, வெறும் நிர்வாக விதிதான். ஆனால் இந்தியா என்கிற பிரதியும் இந்தியர் என்கிற உடலும் அங்கே சந்தித்துக்கொள்ளாமலே போனதன் குறியீடாக அதை வாசிக்க இடமிருக்கிறது.

மூன்றாமவர் ஐராவதி கார்வே. 1920களின் பிற்பகுதியில் பெர்லினில் மானுடவியல் ஆய்வு மேற்கொண்டார். வழிகாட்டி ஆய்கன் ஃபிஷர், இனத் தூய்மைக் கோட்பாட்டின் மூலவர்களில் ஒருவர். மண்டையோடுகளின் சமச்சீரின்மையை அளந்து அதற்கும் இன உயர்வு தாழ்வுக்கும் தொடர்பு காட்டவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கார்வே அளந்தார். தொடர்பில்லை என்று எழுதினார். காலனி நாட்டிலிருந்து வந்த ஒரு பெண், வழிகாட்டியின் கருதுகோளை அவருடைய கருவிகளைக் கொண்டே மறுத்தார். பட்டமும் பெற்றார். (மகாராஷ்டிரத்துச் சித்பாவன் பிராமணக் குடும்பப் பின்னணி அவருக்கு இப்பயணத்தைச் சாத்தியமாக்கியது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.) 1933இல் அதே ஃபிஷர் பெர்லின் பல்கலைக்கழகத்தின் ரெக்டரானார். அவ்வாண்டு ஏப்ரலில் யூதப் பேராசிரியர்கள் சட்டம் போட்டு வெளியேற்றப்பட்டனர். மே 10ஆம் தேதி பல்கலைக்கழகத்துக்கு எதிரேயிருந்த சதுக்கத்தில் புத்தகங்கள் கொளுத்தப்பட்டன. கொளுத்தியதில் மாணவர் அமைப்புகள் முன்னின்றன. பில்டுங் எதையும் தடுத்து நிறுத்தவில்லை.

இம்மூன்றையும் அடுக்குவது ஜெர்மன் பல்கலைக்கழகத்தைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்கல்ல. அது ஒற்றைக் குரல் கொண்ட அமைப்பல்ல. ட்ரைட்ஷ்கேயும் ஷ்மோலரும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். அந்நிய மாணவரின் படிப்பு என்பது இந்தக் குரல்களுக்கிடையில் தனக்கான இடத்தைத் தேடிக்கொள்வதாகவே அன்றும் இருந்தது.

4

இனி நுழைவாயிலுக்கு வருவோம். இன்றைக்கு ஒரு தமிழ்நாட்டு மாணவர் இதைக் கடக்கும் முறை எப்படி?

முதலில் அவருடைய பல்கலைக்கழகம் ‘அனாபின்’ எனும் தரவுத் தொகுப்பில் தேடப்படும். உலகத்துக் கல்வி நிறுவனங்களையெல்லாம் தரவரிசைக் குறியீடுகளால் பிரித்து வைத்திருக்கும் பட்டியல் அது. பிறகு சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்ற பரிசோதனை. இதற்கான ‘ஏ.பி.எஸ்.’ என்ற அலுவலகத்தை ஜெர்மனி 2001இல் சீனாவில் தொடங்கியது. 2022 நவம்பர் முதல் இந்தியர்களுக்கும் அது கட்டாயமானது. தொடங்கியபோது கட்டணம் 18,000 ரூபாய். எல்லா நாட்டு மாணவர்களுக்கும் இது கிடையாது. சில நாடுகளின் காகிதங்கள் மட்டும் முன்கூட்டியே சந்தேகத்துக்குரியவை. அதற்கான காரணத்தை நம்ம ஊர்ப் போலிச் சான்றிதழ் வியாபாரிகள் தாராளமாகவே தந்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. யாரோ செய்த தப்புக்கான அபராதத்தை எல்லோரும் 18,000 ரூபாயாகக் கட்டுகிறார்கள்.

அப்புறம் மதிப்பெண். ஜெர்மனியில் 1.0 மிக உயர்ந்தது, 4.0 தேர்ச்சி எல்லை, 5.0 தோல்வி. நம்முடைய நூற்றுக்கு இத்தனை என்பதை இதற்கு மாற்ற ‘திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம்’ ஒன்று உண்டு. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் பெற்றதைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டவேண்டும். நூற்றுக்கு 80 வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் படித்த இடத்தில் தேர்ச்சி எல்லை 50 என்றால் கிடைப்பது 2.2. எல்லை 40 என்றால் 2.0. அதாவது பாஸ் மார்க் குறைவான இடத்தில் படித்தவருக்குக் கூடுதல் தகுதி. நூற்றுக்கு 80 வாங்குவது எந்தக் கல்லூரியில் எவ்வளவு கஷ்டம் என்பதைச் சூத்திரம் அறியாது. அளவுகோல் நடுநிலையானது என்பதே அதன் அதிகாரம். அதை எதிர்த்து வாதாட முடியாது, ஏனென்றால் அது யாருடைய கருத்தும் அல்ல.

பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் முடித்தவருக்குப் பொதுவாக நேரடி இடம் கிடையாது. ‘ஷ்டுடியன்கோலெக்’ என்ற ஆயத்தப் படிப்பு ஓராண்டு முடிக்கவேண்டும், அல்லது இங்கேயே கல்லூரியில் கொஞ்ச காலம் படித்திருக்கவேண்டும். எனவேதான் நம்மவர்களில் பெரும்பாலோர் முதுகலைக்குப் போகிறார்கள். அந்த மாணவரைப் பன்னிரண்டாம் வகுப்பும் பி.ஈ.யும் வரை வளர்த்தெடுத்த செலவு முழுக்க இந்த ஊருடையது. இலவசம் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கையும் எழுதவேண்டாமா?

கடைசியாகப் பணம். ‘ஷ்பெர்கோன்டோ’ எனப்படும் முடக்கக் கணக்கில் ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே போட்டுக் காட்டவேண்டும். 2024 செப்டம்பர் முதல் இத்தொகை 11,904 யூரோ, மாதம் 992 யூரோ வீதம். ரூபாயில் பத்து லட்சத்துக்கு மேல். பணம் மாணவருடையதுதான், ஆனால் மாதம் ஒரு பங்குதான் எடுக்கமுடியும். இதற்காக வீட்டுப் பத்திரத்தை வைக்கிறவர்கள், நகையை விற்கிறவர்கள், தேவையான தொகையை வட்டிக்கு வாங்கிக் கணக்கில் காட்டுகிறவர்கள் என்று பலவகை உண்டு. படிப்புக்குக் கட்டணமில்லை என்பது உண்மை. ஆனால் கட்டணம் கட்ட வக்குள்ளவர் என்று நிரூபித்தால்தான் கட்டணமில்லாப் படிப்பு. வறுமையை ஒழிக்க இதைவிடச் சுலபமான வழி வேறென்ன? வறியவரை வாசலிலேயே நிறுத்திவிட்டால் போச்சு.

வாசல் அங்கே மட்டுமா இருக்கிறது? இந்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கானது. 2022இல் வெளியான அதன் வழிகாட்டுதல், இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு உதவி கிடையாது என்றது. பொறியியலுக்குப் போகலாம், சாதியை ஆராயப் போகக்கூடாது. அதாவது இன்னொரு அம்பேத்கருக்கு அரசுப் பணம் கிடைக்காது. பான் பல்கலைக்கழகம் வகுப்புக்கு வராததற்காகப் பெயரை அடித்தது. தில்லி வகுப்புக்குப் போகுமுன்னேயே அடிக்கிறது.

5

வாசலைக் கடந்து உள்ளே போனவர் சந்திப்பது வேறொரு வகைச் சிக்கல், சுதந்திரம்.

நம்ம கல்லூரி வாழ்க்கை எப்படி? வருகைப் பதிவு, டிரெஸ் கோடு, பெற்றோருக்குக் கடிதம், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து. அங்கே பல வகுப்புகளில் வந்தாயா என்று கேட்க ஆளில்லை. ஒன்பது மணி என்று போட்டிருந்தால் ஒன்பதே காலுக்கு வகுப்பு தொடங்கும் (‘கல்விக் கால் மணி’ என்று அதற்குப் பெயர்). வகுப்பு முடிந்ததும் கைதட்டாமல் மேசையை விரல் கணுவால் தட்டுவார்கள். பேராசிரியரைப் பார்க்கக் குறித்த நேரம் உண்டு, மற்ற நேரத்தில் கதவு மூடியிருக்கும். எந்தத் தாளை எந்தப் பருவத்தில் எழுதுவது என்பதையும் தேர்வுக்குப் பெயர் கொடுப்பதையும் மாணவரே கவனித்துக்கொள்ளவேண்டும். பெயர் கொடுக்க மறந்தால் தேர்வு இல்லை. எல்லாம் தேர்வு விதிமுறைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அதை வாசிக்கவேண்டியது உன் பொறுப்பு.

ஃபூக்கோவை வாசித்தவர்களுக்கு இது புரியும். கண்காணிப்பாளர் இல்லாத இடத்தில் கண்காணிப்பு இல்லாமல் போவதில்லை, அது மாணவருக்குள் குடியேறிவிடுகிறது. பத்து வயதிலிருந்தே இதற்குப் பழக்கப்பட்ட ஜெர்மன் மத்தியதர வர்க்கப் பிள்ளைக்கு இது இயல்பு. பூர்தியு சொல்லும் பண்பாட்டு மூலதனம் இதுதான். எப்போது கேள்வி கேட்பது, பேராசிரியர் கருத்தை எந்தத் தொனியில் மறுப்பது, பதினைந்து இருபது பக்கக் கட்டுரைக்கு எப்படி ஒரு கேள்வியைத் தானே உருவாக்குவது என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் மதிப்பெண் இதற்குத்தான். ‘அய்யா என்ன சொல்றாரோ அதை எழுதிடுறேன்’ என்று பழகிய நம் பிள்ளை, கேள்வியை நீயே கொண்டுவா என்றதும் திகைத்து நிற்கிறது. இதை அறிவுக் குறைபாடு என்பது அபத்தம். கீழ்ப்படிதலுக்கு மார்க் போட்டு வளர்த்த அமைப்பின் விளைச்சல் அது. அந்த வகையில் ஜெர்மன் வகுப்பறை நமக்கு ஒரு நல்ல அதிர்ச்சிதான் என்பதைச் சொல்லத் தயங்கவேண்டியதில்லை. ஆசிரியரை மறுத்துப் பேசியதற்காக அங்கே யாரும் இன்டெர்னல் மார்க்கைக் குறைப்பதாக மிரட்டுவதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கற்கும் சுதந்திரம் என்பதற்கு அடிப்படை தேவை நேரம். தடுமாறவும், துறை மாறவும், ஒரு பருவம் சும்மா இருந்து யோசிக்கவும் நேரம். 1999இல் தொடங்கிய பொலோன்யா சீர்திருத்தத்தால் பழைய டிப்ளோம், மாகிஸ்டர் பட்டங்கள் போய் இளங்கலை, முதுகலை, ‘புள்ளிகள்’ வந்தபின் ஜெர்மன் மாணவருக்கே அந்த நேரம் சுருங்கிவிட்டது என்ற புலம்பல் அங்கே உண்டு. ஆனால் அவருக்கு இருப்பது நேரம், அந்நிய மாணவருக்கு இருப்பது கெடு. குடியிருப்பு அனுமதியின் கெடு ஒன்று, முடக்கக் கணக்கின் கெடு ஒன்று, ஊரில் ஓடும் வட்டியின் கெடு ஒன்று. வேலை செய்து சமாளிக்கலாமென்றால் அதற்கும் அளவு உண்டு. 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள்.

இங்கேதான் ஒரு விதி இரண்டு மாணவர்களுக்கு இரண்டு அர்த்தம் கொள்கிறது. ஜெர்மனியில் ஒரு தேர்வை எழுதப் பொதுவாக இரண்டு அல்லது மூன்று வாய்ப்புகள்தான். கடைசி வாய்ப்பிலும் தோற்றால் ‘இறுதியாகத் தேர்ச்சியில்லை’. பதிவு நீக்கப்படும். அதே பாடப்பிரிவில் நாட்டின் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் சேருவது பெரும்பாலும் முடியாது. நம்மூர் அரியர் கலாச்சாரத்துக்குப் பழகியவர்களுக்கு இது நம்பமுடியாத விஷயம். ஒரு ஜெர்மன் மாணவருக்கு இது படிப்பின் தோல்வி, அழுதுவிட்டு வேறு துறைக்குப் போவார். அந்நிய மாணவருக்கோ குடியிருப்பு அனுமதி மாணவர் என்ற நிலையின் மேல்தான் நிற்கிறது. வேறு துறையோ பயிற்சியோ உடனே தேடிக்கொள்ளாவிட்டால் கணிதத்தில் தோற்பது நாட்டை விட்டு வெளியேறுவதில் முடியும். தேர்வுத்தாளைத் திருத்தும் பேராசிரியருக்குத் தெரியாமலே அவர் கையிலிருக்கும் பேனா எல்லைக் காவலனின் முத்திரையாகிவிடுகிறது. ஹம்போல்ட் மரபு விரும்பியது அரசு தலையிடாத பல்கலைக்கழகத்தை. அந்நிய மாணவரைப் பொறுத்தவரை அரசு ஒவ்வொரு தேர்வறையிலும் உட்கார்ந்திருக்கிறது.

6

ஜெர்மன் கல்விப் புள்ளிவிவரத்தில் இரண்டு சொற்கள் உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை வைத்துக்கொண்டு வெளிநாட்டிலேயே பள்ளிப்படிப்பை முடித்து வந்தவர் ‘பில்டுங்ஸ்-ஆவுஸ்லெண்டர்’, அதாவது கல்வியால் அந்நியர். வெளிநாட்டுக் குடியுரிமைதான், ஆனால் ஜெர்மன் பள்ளியில் படித்தவர் ‘பில்டுங்ஸ்-இன்லெண்டர்’, கல்வியால் உள்நாட்டவர். பாஸ்போர்ட்டால் வெளியே, கல்வியால் உள்ளே. கல்வி ஒருவரை உள்நாட்டவராக்கும், ஆனால் முழுசாக ஆக்காது என்பதை ஒரு கூட்டுச்சொல் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது ஆச்சரியம்தான்.

இந்த இரண்டு சொற்களும் தமிழர்களைப் பற்றியும் பேசுகின்றன. 1980களில் இலங்கையிலிருந்து தப்பிய தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷேனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்தனர். அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தது 1982ஆம் ஆண்டின் தஞ்ச நடைமுறைச் சட்டம். ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக்கூடாது. ஊரில் பல்கலைக்கழகத்தை எட்டிப்பார்த்தவர்களும் உணவகச் சமையலறைகளில் தட்டுக் கழுவினார்கள். இவர்களின் பிள்ளைகள் ஜெர்மன் பள்ளியில் படித்து, ‘அபிட்டூர்’ முடித்து, குடியுரிமை கிடைக்காத காலம் வரை ‘கல்வியால் உள்நாட்டவர்’ என்ற பட்டியலில் வந்தார்கள்.

இன்று ஆகனிலோ டார்ட்முண்டிலோ ஒரு வகுப்பில் இரண்டு தமிழர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து ஏ.பி.எஸ். சான்றிதழோடு வந்தவர். இன்னொருவர் தட்டுக் கழுவியவரின் மகள். முதலாமவருக்குத் ‘தகுதியுள்ள வல்லுநர்’ என்று வரவேற்பு உண்டு, மொழி கிடையாது. இரண்டாமவருக்கு மொழி தாய்மொழி போல உண்டு, ஆனால் ‘நீ எந்த நாடு?’ என்ற கேள்வி விடாது. ‘அண்ணா, நீங்க ஊருக்குத் திரும்பிப் போவீங்களா?’ என்று அவள் இவனைக் கேட்கலாம். அந்தக் கேள்வியை அவளிடம் திருப்பிக் கேட்க முடியாது. தமிழர் என்ற ஒற்றை அடையாளம் இங்கே போதவில்லை. அகதி, வல்லுநர் என்னும் இரண்டு நிர்வாகச் சொற்கள் நடுவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

மொழி பற்றி இன்னொன்று. முதுகலைப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடப்பதால் ஜெர்மன் தெரியாமலே பட்டம் வாங்கிவிடலாம் என்று இங்கே சொல்லி அனுப்புகிறார்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், வாழ்க்கை ஜெர்மனில் நடக்கும். வாடகை ஒப்பந்தம், அந்நியர் அலுவலகக் கடிதம், காப்பீடு, வேலை நேர்காணல் எல்லாமே அந்த மொழியில். பட்டத்துக்குப் பின் வேலை தேட 18 மாத அனுமதி உண்டு. அந்தப் பதினெட்டு மாதத்தில்தான் பலருக்கும் மொழி எவ்வளவு பெரிய சுவர் என்று உறைக்கிறது. அதோடு, மொழி தெரியாதவர் தன் வகுப்புக்கு வெளியே நடக்கும் எந்த விவாதத்திலும் பங்கெடுக்க முடியாது. மாணவர் பேரவைக் கூட்டம், தெருவில் போகும் ஊர்வலம், பத்திரிகை எல்லாம் அவருக்கு வெறும் சத்தம். ஆங்கில வழிப் பாடத்திட்டம் அந்நியரை வரவேற்கிறது, அதே மூச்சில் ஊமையாகவும் ஆக்குகிறது.

7

அந்நிய மாணவர்கள் எப்போதும் ஊமையாக இருந்தவர்களல்ல. இது மறக்கப்பட்ட வரலாறு. காங்கோவின் லுமும்பா கொலையோடு பெயர் இணைத்துப் பேசப்பட்ட மொய்ஸ் சோம்பே 1964 டிசம்பரில் மேற்கு பெர்லினுக்கு வந்தபோது ஆப்பிரிக்க மாணவர்களும் ஜெர்மன் சோஷலிச மாணவர்களும் சேர்ந்து தெருவில் இறங்கினர். தங்களுடைய கலகத்தின் தொடக்கம் அதுதான் என்று ரூடி டுட்ஷ்கே பிற்பாடு சொன்னார். 1967 ஜூன் 2ஆம் தேதி ஈரான் ஷாவின் வருகையை எதிர்த்த ஆர்ப்பாட்டத்தில் பென்னோ ஓனஸோர்க் என்ற மாணவர் போலீஸால் சுட்டுக்கொல்லப்பட்டார். மேற்கு ஜெர்மனி முழுக்க மாணவர் எழுச்சி பரவியது அதற்குப் பின்னர். ஷாவின் ஆட்சியைப் பற்றி ஜெர்மன் மாணவர்களுக்குச் சொல்லித்தந்தவர்கள் அங்கே படித்துக்கொண்டிருந்த ஈரானிய மாணவர்கள். அங்கே படித்த ஈரானியரான பஹ்மன் நிருமாண்ட் எழுதிய புத்தகம் அவ்வாண்டுதான் வெளியானது. ஜெர்மனியின் ’68 என்று கொண்டாடப்படுவதில் ஆசிரியர்களாக இருந்தவர்கள் அந்நியர்களே. 1965ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம் அவர்களது அரசியல் செயல்பாட்டைக் கட்டுப்படுத்த இடங்கொடுத்தது. பேசினால் அனுப்பிவிடலாம் என்ற அச்சுறுத்தலுக்கு நடுவில் பேசினார்கள்.

இங்கே காண்ட்டிடம் திரும்பலாம். 1795இல் நிரந்தரச் சமாதானம் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் விருந்தோம்பல் என்பது கருணையல்ல, உரிமை என்றார். வந்து இறங்கிய அந்நியரைப் பகைவனாக நடத்தக்கூடாது. ஆனால் அவருக்கு உள்ளது வருகை உரிமை மட்டுமே, தங்கும் உரிமைக்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். நிபந்தனையோடு கூடிய இந்த விருந்தோம்பலின் முரணைத் தெரிதா சுட்டிக்காட்டினார். நிபந்தனை போட்ட கணத்தில் விருந்து விருந்தல்ல, நிபந்தனையே இல்லையென்றால் வீடு வீடல்ல. மாணவர் விசா என்பது இந்த முரண் அச்சடிக்கப்பட்ட காகிதம்.

நிபந்தனை காலத்துக்குக் காலம் மாறுகிறது. 2000ஆம் ஆண்டு இந்தியக் கணினி வல்லுநர்களுக்கு ‘கிரீன் கார்டு’ தரலாமென்ற பேச்சு எழுந்தபோது, வட ரைன் வெஸ்ட்ஃபாலியாவின் எதிர்க்கட்சித் தலைவர் யூர்கன் ரூட்கர்ஸின் பிரச்சாரம் இந்தியர்களுக்குப் பதிலாக நம் பிள்ளைகள் என்ற கோஷமாகச் சுருங்கியது. அத்தேர்தலில் அவர் தோற்றார். 2024 அக்டோபரில் அன்றைய ஜெர்மன் பிரதமர் ஒலாஃப் ஷோல்ட்ஸ் தில்லிக்கு வந்தபோது, இந்திய வல்லுநர்களுக்கான ஆண்டு விசாக்கள் 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஜெர்மனியின் மனம் விரிந்ததா? அதன் மக்கள்தொகைக்கு வயதாகிவிட்டது என்பதுதான் சுருக்கமான பதில். 2022இல் படிக்க வந்து சேர்ந்த அந்நிய மாணவர்கள் தங்கள் வாழ்நாளில் அரசிடமிருந்து பெறுவதைவிட ஆயிரம் கோடி யூரோவுக்கு மேல் அதிகமாக வரியாகவும் பங்களிப்பாகவும் தருவார்கள் என்று கொலோன் பொருளாதார ஆய்வு நிறுவனம் 2025இல் கணக்குப் போட்டது. இலவசம் எந்த நாணயத்தில் வசூலாகிறது என்ற கேள்விக்கு அவர்களே பதில் எழுதித் தந்துவிட்டார்கள்.

கட்டணமின்மையும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. மேற்கு ஜெர்மனியில் வகுப்புக் கட்டணம் 1970இல் ஒழிக்கப்பட்டதற்குப் பின்னால் மாணவர் போராட்டம் இருந்தது. 2005இல் அரசியல் சாசன நீதிமன்றம் கட்டணத் தடையை நீக்கியதும் பல மாநிலங்கள் பருவத்துக்கு 500 யூரோ வரை வசூலித்தன. எதிர்ப்பு வலுத்து 2014க்குள் எல்லா மாநிலங்களும் பின்வாங்கின. ஆனால் 2017 குளிர்காலப் பருவம் முதல் பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருபவரிடம் பருவத்துக்கு 1500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து இளங்கலைக்கு 2000 முதல் 3000, முதுகலைக்கு 4000 முதல் 6000 யூரோ என்று நிர்ணயித்தது. உள்நாட்டு மாணவருக்காகப் போராடி மீட்டெடுத்த உரிமை, அந்நியர் விஷயத்தில் சத்தமில்லாமல் திரும்பப் பெறப்படுகிறது. அவர்கள் சார்பில் போராட அங்கே ஓட்டு இல்லை, இங்கே நினைப்பு இல்லை.

போகாதே என்று சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. போகவேண்டும். கிராமத்திலிருந்து, முதல் தலைமுறையிலிருந்து, பெண்களிலிருந்து இன்னும் அதிகம் பேர் போகவேண்டும். பொறியியலுக்கு மட்டுமல்லாமல் வரலாற்றுக்கும் தத்துவத்துக்கும் போகவேண்டும். போகுமுன் அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொண்டு போகவேண்டும். வேலைக்காக மட்டுமல்ல, அந்த வீட்டுக்காரர் நம்மைப் பற்றி என்ன பேசுகிறார் என்று விளங்கிக்கொள்ளவும், மறுத்துப் பேசவும். பரிசு வாங்கப் போவதாக நினைக்கிறவர் தலைகுனிந்து நன்றி சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு கொடுக்கல் வாங்கலில் தானும் ஒரு தரப்பு என்று அறிந்தவர்தான் அளவுகோலைக் கையில் வாங்கி அளந்து பார்த்துவிட்டு, உங்கள் கருதுகோள் சரியில்லை என்று எழுதிக் கொடுப்பார்.